கறுப்புக் குதிரையின் வால்

பெய்ஷென் எனக்குச் சம்பந்தி. என் மகள் நூர்ஜாத்தை அவன் இளைய மகனுக்குக் கொடுத்திருக்கிறேன். அதே பெய்ஷென்தான் வேலையிடத்தில் எனக்கு மேஸ்திரி. இரண்டில் ஏதாவது ஒன்றாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். மருமகன் உறவு நூறு வருசம், சம்பந்தி உறவு ஆயிரம் வருசம் என்று எங்களில் சொல்வார்கள். அந்த ஆயிரம் வருசத்தை எப்படி ஓட்டுவது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

நாங்கள் கட்டிக்கொண்டிருந்தது பண்பாட்டு மாளிகை. அத்பாஷி ஊரைத் தாண்டி, மலைப்பாதை தொடங்கும் வாயில், ஆடுகள் குறுக்கே போகும் வெட்டவெளியில் அதை எழுப்பினார்கள். பாட்டுக்கு ஒரு கூடம், படத்துக்கு ஒரு கூடம், பழைய சேணங்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க ஒரு கூடம். அதெல்லாம் உள்ளே. வெளியே செங்கல் தெரியக் கூடாது என்று உத்தரவு. தெற்குப் பக்கம் முழுக்க வில் மாதிரி உள்வளைந்த சுவர். அதன் மேல் முகம் பார்க்கிற அளவுக்குத் தேய்த்த உலோகத் தகடுகள். தகடு ஒவ்வொன்றையும் தூக்கி, பொருத்தி, பக்கத்துத் தகட்டோடு கோடு சேர்ப்பதுதான் எங்கள் வேலை.

வரைபடம் போட்டவள் சினாரா. கட்டத் தொடங்கும் முன்னால் ஓர் இலையுதிர்காலத்தில் பிஷ்கெக்கில் இருந்து வந்து நிலத்தைப் பார்த்தாள். "மலை தன் முகத்தைத் தானே பார்க்கணும்" என்றாள். முதல் தகட்டை மாட்டியபோது மலை அதில் வந்து நின்றது உண்மைதான். பழுத்த புல், ஒரு கழுகு, எங்கள் வாய் பிளந்த மூஞ்சி எல்லாம் அதில் தெரிந்தன. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அப்போது பனி விழுந்திருக்கவில்லை.

மார்ச் மாதம் எங்கள் பக்கத்தில் பனி பழையதாகி, மேலே ஓடு கட்டிப் பளபளக்கும். வெயிலும் ஏறிவிடும். கீழே பனி, எதிரே கண்ணாடிச் சுவர். வானத்தில் இருப்பது ஒரே சூரியன் என்று சொன்னால் சாரத்தில் நின்றவன் எவனும் நம்பமாட்டான். கண்ணை மூடினாலும் இமைக்குள் சிவப்பாக எரியும். மாலையில் வீட்டுக்குப் போனால் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டு யாரோ விரலால் தேய்ப்பது போல இருக்கும்.

மற்றவர்களுக்கு அது வலி. எனக்கு வலியோடு போகிற விஷயம் இல்லை. போன வசந்தத்தில் ஆட்டு மந்தையோடு கணவாயைக் கடந்தபோது என் வலது கண் வெந்து தோல் உரிந்தது. நாரின் நகரத்தில் கண் பார்க்கும் மருத்துவரம்மா விளக்கை அணைத்துவிட்டுச் சொன்னார்: "இன்னொரு தடவை இது வெந்துச்சுன்னா, இந்தக் கண்ணை மறந்துடுங்க. இன்னொன்னு எத்தனை நாள் தாங்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

கம்பெனி கறுப்புக் கண்ணாடி கொடுத்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டு மாட்டியதில் இரண்டு வரிசை பாம்பு போல நெளிந்துவிட்டது. கறுப்புக்குள் கோடு தெரியாது. நிழலும் இடைவெளியும் ஒன்றாகத் தெரியும். சினாரா வந்து பார்த்துவிட்டு எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள். அன்றோடு பெய்ஷென் கண்ணாடிகளை வாங்கித் தகரக் கொட்டகைக்குள் போட்டுப் பூட்டினான்.

"இனிமே கறுப்புக் கண்ணாடி போட்டவன் சாரத்துல ஏறக் கூடாது. நவ்ரூஸ் புது வருசத்தன்னிக்குத் திறப்பு. கண்ணு வலிக்குதுன்னு எவனாவது வந்தா, வீட்டுக்குப் போய்ப் பொண்டாட்டி மடியில படுத்துக்கங்க."

உயரத்தில் ஆடு மேய்த்தவனுக்கு வேறு வழி தெரியும். குதிரை வாலின் கறுப்பு மயிரை எடுத்துச் சல்லடை மாதிரி பின்னி, நெற்றியில் இருந்து மூக்கு வரை தொங்கவிட்டுக் கட்டிக்கொள்வோம். அதற்குள்ளிருந்து கோடு கோடாகவே தெரியும், நிறம் நிறமாகவே தெரியும், வெளிச்சம் மட்டும் நொறுங்கி வரும். பெட்டைக் குதிரையின் மயிர் ஆகாது. மூத்திரம் பட்டுப் பட்டு ஒடிந்துவிடும். வெளுத்த மயிரும் ஆகாது. என்னுடைய கண்வலை கணவாயிலேயே காற்றில் போய்விட்டது. அதனால்தான் அன்று கண் வெந்தது. ஊர்க் குதிரைகள் பெரும்பாலும் குளிர்கால மேய்ச்சலுக்குப் போயிருந்தன, மீதி பெட்டையோ வெளுத்ததோதான். பக்கத்தில் இருந்த ஒரே கறுப்பு ஆண் குதிரை பெய்ஷென் ஏறி வருவதுதான். கொட்டகைக்குப் பின்னால் கட்டி நின்று, தரையைக் கூட்டுகிற மாதிரி வாலை ஆட்டிக்கொண்டிருக்கும்.

காலையில் எல்லோரும் தேநீர் குடிக்கிறபோது கேட்டேன்.

"சம்பந்தி, உங்க குதிரை வால்ல ஒரு பிடி மயிர் குடுங்க. கண்ணு தாங்கல."

"எதுக்கு? தூக்குப் போட்டுக்கவா?"

"கண்வலை பின்னணும்."

"உன் பொண்டாட்டி சடையில பின்னிக்கயேன். பாதி நரைச்சிருக்கும், வெளிச்சம் தாராளமா வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கூபான் தேநீரைத் துப்பிச் சிரித்தான். சம்பந்தியை நாலு பேர் நடுவில் 'நீ' என்று பேசுவதே எங்களில் இல்லாத வழக்கம். அவன் வீட்டில் என் பெண் இருக்கிறாள் என்பதால் நான் வாயை மூடிக்கொண்டு சாரத்தில் ஏறினேன்.

அன்று சினாராவும் வந்திருந்தாள். வண்டியில் இருந்து இறங்கியபோது சாசர் அளவுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். தலையைச் சாய்த்துச் சாய்த்துச் சுவரைப் பார்த்தாள்.

"பாருங்களேன், பனியும் சுவரும் பேசிக்குது" என்றாள்.

மேலே இருந்து கூபான் கத்தினான்: "பேசுறது அதுங்க ரெண்டும், அழுறது நாங்க, அக்கா!"

அவள் சிரித்துக் கையசைத்தாள். அவளுக்குக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். பெய்ஷெனுக்குக் கேட்டது.

நடுப்பகலுக்கு முன்னாலேயே என் வலது கண்ணில் அந்தப் பழைய குத்தல் தொடங்கிவிட்டது. தகட்டின் ஓரம் இரண்டாகத் தெரிந்தது. மூக்கு வழியே தண்ணீர் ஒழுகி மீசையில் உறைந்தது. கூபானும் இப்போது சிரிக்கவில்லை. முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அண்ணே, எனக்கு அந்த ஆணி தெரியல. தொட்டுத்தான் அடிக்கிறேன்" என்றான்.

"இறங்கு" என்றேன்.

பெய்ஷென் சினாராவோடு உள்ளே கூடங்களைச் சுற்றிக்கொண்டிருந்தான். நாங்கள் கொட்டகைக்குப் பின்னால் போனோம். நான் ஒரு பிடி மயிரைச் சுற்றி இழுத்தேன். குதிரை உதைத்தது; என் இடுப்புக்கு அரை சாண் தள்ளிக் குளம்பு போனது.

"ஒவ்வொன்னாப் பிடுங்கினா நவ்ரூஸ் முடிஞ்சிடும். தள்ளுங்க" என்ற கூபான் தகடு வெட்டுகிற கத்திரியோடு வந்தான். நான் 'ஓரமா' என்று சொல்லி முடிப்பதற்குள் வாலை மொத்தமாகப் பிடித்து, எலும்புக்குக் கீழே ஒரே கடியாக வெட்டிவிட்டான். இரும்பு வெட்டுகிற கத்திரிக்கு மயிர் எம்மாத்திரம்.

குதிரை முன்காலைத் தூக்கியது. கட்டுக்கயிறு அறுந்தது. சேணத்தோடு, காலியாக, பனியைச் சிதறடித்துக்கொண்டு ஊர்ப் பக்கம் பாய்ந்தது. பின்னால் அந்த மொட்டை வால் ஆடிக்கொண்டு போவதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

எங்களில் ஆள் செத்தால் அவன் குதிரையின் வாலை வெட்டுவார்கள். ஆண்டுச் சடங்கு வரைக்கும் அது ஏற ஆளில்லாத குதிரை. சாவுச் செய்தியை நேராக வாய்திறந்து சொல்வதும் எங்களில் கிடையாது. சுற்றி வளைத்து, வேறு எதையாவது காட்டித்தான் சொல்வோம். கேட்கிறவர்களும் 'செத்துவிட்டானா' என்று திருப்பிக் கேட்கமாட்டார்கள். வேலையிடத்தில் இருந்து சேணத்தோடு காலியாக, வால் வெட்டுண்டு வந்து நிற்கிற குதிரையைப் பார்த்து யாரும் யாரிடமும் எதுவும் கேட்கப் போவதில்லை.

"கூபான், அது வீட்டுக்குப் போகுதுடா."

"போகட்டும். வீட்டுக்குப் போற குதிரையை யாரு திட்டுவா?" என்றவன், நான் பார்க்கிற திசையில் பார்த்துவிட்டு, "ஐயையோ" என்றான்.

அந்த இடத்தில் கைபேசிக்கு உயிர் கிடையாது. நான் ஓடிப்போய்ப் பெய்ஷெனிடம், "குதிரை அறுத்துக்கிட்டு ஓடிடுச்சு, சம்பந்தி. நீங்க ஒரு எட்டு வீட்டுக்குப் போனா நல்லது" என்றேன்.

"அதுக்கு வழி தெரியும். உனக்குத் தெரியலன்னா சொல்லு. ஏறு மேல" என்றான்.

உடனே ஏறவில்லை. கூபானும் நானும் சாப்பாட்டு நேரத்தில் ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு மயிரைப் பின்னினோம். குளிரில் விரல் ஓடவில்லை. பல்லால் கடித்து முடிச்சுப் போட்டேன். கட்டிக்கொண்டு மேலே ஏறிக் கண்ணைத் திறந்தபோது, தகட்டுக்கு ஓரம் ஒன்றுதான் இருந்தது. குத்தல் அப்படியே கரைந்து இறங்கியது. நாளை காலையிலும் எனக்கு வலது கண் இருக்கும் என்று தெரிந்தது. அந்த ஒரு மணி நேரம் நான் நிம்மதியாக இருந்தேன். மறைக்க மாட்டேன்.

பிறகு அந்தச் சத்தம் வந்தது. ஊர்ப் பக்கத்தில் இருந்து ஏழெட்டுக் குதிரைகள், பின்னால் ஒரு டிராக்டர். குதிரை மேல் இருந்தவர்கள் இடுப்பில் துண்டு கட்டி, இப்படியும் அப்படியும் சாய்ந்து அலறிக்கொண்டு வந்தார்கள்.

"ஐயோ என் ஈரலே! என் முதுகெலும்பே! போயிட்டியே என் ஈரலே!"

ஈரல் என்றால் கூடப் பிறந்தவன். முன்னால் வந்தவர் பெய்ஷெனின் அண்ணன் துர்சுன். அதைக் கேட்டதும் பெய்ஷென் கொட்டகையில் இருந்து வெளியே வந்தான். அழுகையோடு ஆள் வந்தால் முதலில் கூட அழவேண்டும்; யார் என்று கேட்பதெல்லாம் அப்புறம். அவன் தொப்பியைப் பனியில் எறிந்தான். இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிக் குனிந்தான்.

"ஐயோ என் ஈரலே!" என்று அவனும் ஓலமிட்டான். அவனுக்கு மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தம்பி உண்டு. அவன்தான் போய்விட்டான் என்று நினைத்திருக்கிறான். மேஸ்திரி அழுகிறான் என்று சாரத்தில் இருந்த மற்றவர்களும் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு அலறினார்கள். நானும்தான். சும்மா நின்றால் மரியாதை இல்லை.

வந்தவர்களுக்கு நேர் எதிரே சுவர் இருந்தது. பிற்பகல் வெயில் வளைவில் விழுந்து மொத்தமாக அவர்கள் மூஞ்சியில் அடித்தது. துர்சுன் குதிரையில் இருந்து உருண்டு இறங்கி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கையை நீட்டி நடந்துவந்தார். எதிரில் பட்டவனைக் கட்டிப் பிடித்தார். அது பெய்ஷென்.

இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் தலையை வைத்து அழுதார்கள்.

"எங்கடா வெச்சிருக்கீங்க என் தம்பிய? மூஞ்சியாச்சும் நல்லா இருக்கா?"

"நான் பாக்கலண்ணே! எனக்கு யாரும் சொல்லவே இல்லண்ணே!"

"உன் கண்ணு முன்னால விழுந்தான், பாக்கலங்கிறியா?"

"எங்க விழுந்தான்? எப்ப விழுந்தான்? அண்ணே, எந்தத் தம்பி?"

"எந்தத் தம்பியா? பெய்ஷென்டா! நம்ம பெய்ஷென்!"

அழுகை நின்றது. முதலில் பெய்ஷென் நிறுத்தினான். பிறகு ஒவ்வொருவராக. கடைசியாக டிராக்டரில் இருந்த ஒரு கிழவர் மட்டும் காது கேட்காமல் கொஞ்ச நேரம் தனியாக அழுதுகொண்டிருந்தார். துர்சுன் கண்ணைத் திறக்க முயன்று, திறக்க முடியாமல், தம்பியின் மூக்கையும் மீசையையும் விரலால் தடவிப் பார்த்தார். தடவி முடித்ததும் ஓங்கி ஒரு அறை விட்டார்.

"உயிரோட நின்னுக்கிட்டா என்னை அழ வைக்கிற?"

கூபானால் அடக்க முடியவில்லை. சாரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். நான் அவன் காலை மிதித்தேன். அதற்குள் துர்சுன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்: குதிரை வந்து வாசலில் நின்றது, பெய்ஷெனின் மனைவி அதன் வாலைப் பார்த்ததுமே விழுந்துவிட்டாள், பெண்கள் கன்னத்தைக் கீறிக்கொண்டார்கள், வாசலில் கூடாரம் எழுப்பியாயிற்று, வருகிறவர்களுக்கென்று கொழுத்த பெட்டைக் குதிரையை அறுத்து, அண்டாவும் அடுப்பில் ஏறிவிட்டது.

"உன் பொண்டாட்டி உன்னைப் பத்திப் பாடின ஒப்பாரி இருக்கே, கல்லும் கரையும். இனி நீ நிஜமாச் செத்தா அவ புதுசா எங்கேர்ந்து எடுக்கிறது?"

பெய்ஷென் அண்ணனை விட்டு விலகினான். அவன் மேலே பார்த்தான். கையைப் புருவத்தில் வைத்து, வெளிச்சத்தோடு போராடி, சாரத்தில் ஒவ்வொருவராகத் தேடினான். என் நெற்றியிலும் கூபான் நெற்றியிலும் கறுப்பாகத் தொங்கியது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை எங்கள் இருவரையும் தன் வீட்டு வாசலுக்கு வரச் சொல்லியிருந்தான். கூடாரத்தைப் பிரிக்கவில்லை. ஊர் முழுக்க அந்தக் குதிரை இறைச்சியைத் தின்னத்தான் வந்திருந்தது. அறுத்ததை வீணாக்க முடியாதே. நடுவில் தீ மூட்டியிருந்தார்கள். பெய்ஷென் தீக்குப் பக்கத்தில் நின்றான். அவன் கண்ணும் சிவந்து வீங்கியிருந்தது.

"அது என் சாவு. என் சாவை மூஞ்சியில கட்டிக்கிட்டுத் திரியறீங்க. இந்த நெருப்புல போட்டுட்டு, இவங்க முன்னால என் கையைப் பிடிச்சுட்டுப் போங்க. வேலைக்கு வெறுங்கண்ணோட வாங்க. முடிஞ்சுது."

கூபான் தன் கண்வலையை அவன் பேசி முடிப்பதற்குள் தீயில் போட்டுவிட்டான். மயிர் சுருண்டு நாறியது. "அண்ணன்தான் சொன்னாரு" என்றான், என்னைப் பார்க்காமல். கையைப் பிடித்தான். பெய்ஷென் அவன் தோளைத் தட்டி இறைச்சிப் பக்கம் அனுப்பினான்.

நான் அசையவில்லை. சொல்லிப் பார்த்தேன்.

"சம்பந்தி, வாலை வெட்டினது தப்பு. அதுக்கு நீங்க என்ன கேட்டாலும் சரி. ஆனா நீங்க சாகல. நிக்கிறீங்க, திட்டுறீங்க, நேத்து அறையும் வாங்கினீங்க. இதைப் போட்டா போறது என் கண்ணு. டாக்டரம்மா சொன்னதை உங்ககிட்டச் சொல்லியிருக்கேன்."

"அறை" என்றதும் யாரோ ஒருவன் இறைச்சியை வாயில் வைத்துக்கொண்டே சிரித்துவிட்டான். அந்தச் சொல்லை நான் விட்டிருக்க வேண்டும். பெய்ஷெனின் மூஞ்சி இறுகிக் கல்லாகிவிட்டது.

"கண்ணு பெரிசா, சம்பந்தம் பெரிசா? அதை மட்டும் சொல்லு."

அப்போது நூர்ஜாத் ஒரு கிண்ணத்தில் தேநீரோடு என்னிடம் வந்தாள். வெள்ளைத் தலைத்துணிக்குக் கீழே இரண்டு கன்னத்திலும் கீறல். மாமனாருக்காகக் கீறிக்கொண்டது, இன்னும் பொருக்குக் கட்டவில்லை. கிண்ணத்தை என் கையில் கொடுக்கிற சாக்கில் மெதுவாகச் சொன்னாள்:

"அப்பா, போட்டுடுங்க."

"கண்ணு போயிடும்மா."

"நாளைக்கும் நான் இந்த வீட்டுலதான் அடுப்பு மூட்டணும்."

"கண்ணு போனா உன் வீட்டுக்கு எனக்கு வழி தெரியாது."

"இப்ப மட்டும் எனக்கு வழியா வெச்சிட்டுப் போறீங்க?" என்றாள். கிண்ணத்தை நான் பிடிக்கும் முன்பே விட்டுவிட்டாள். தேநீர் பனியில் கொட்டி மஞ்சளாகப் பள்ளம் விழுந்தது.

நான் கண்வலையை நெற்றியில் ஏற்றிக் கட்டினேன். கூட்டத்தில் இருந்தவர்கள் என்னை விட்டு இரண்டடி பின்னால் போனார்கள்.

"சரி" என்றான் பெய்ஷென். "என் வேலையில இனிமே நீ இல்ல. என் வாசல்ல உன் நிழல் விழக் கூடாது. இவ உன் வாசலை மிதிக்க மாட்டா. ஆயிரம் வருசம்னு சொன்னவங்களை நான் செத்துப் போய்க் கேட்டுக்கிறேன்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவி சலிமா தயிரைக் கலக்குவதை நிறுத்தவில்லை. "பொண்ணை வித்துக் கண்ணை வாங்கிட்டு வந்திருக்கீங்க" என்றாள். ராத்திரிச் சாப்பாட்டைத் தட்டில் வைத்து, என் பக்கம் காலால் தள்ளினாள்.

மீதித் தகடுகளை மற்றவர்கள் மாட்டினார்கள். கூபான் இரண்டாம் நாளே கண் வெந்து படுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். தேயிலைச் சக்கையைக் கண்ணில் வைத்துக் கட்டி, ஜன்னலுக்குக் கம்பளி அடித்து இருட்டில் கிடந்தான். போய்ப் பார்க்கவில்லை. அவனும் என்னைக் கூப்பிடவில்லை.

நவ்ரூஸுக்கு முந்தின நாள் புதுப் பனி விழுந்தது. திறப்பன்று வானம் கழுவி விட்ட மாதிரி இருந்தது. எனக்கு அழைப்பு இல்லை. பாதை யாருக்கும் சொந்தம் இல்லை என்பதால் பாதையில் போய் நின்றேன். பெரிய மனிதர்கள் வரிசையாக வண்டியில் வந்து இறங்கினார்கள். இறங்கிய ஒவ்வொருவரும் சுவரைப் பார்த்ததும் கையை நெற்றிக்குக் கொண்டுபோனார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் கட்டடத்துக்கு எல்லோரும் சலாம் வைப்பது போல இருந்தது. ஒலிபெருக்கியில் பண்பாடு என்று எத்தனையோ தடவை சொன்னார்கள். சினாரா பேசினாள். பெய்ஷெனுக்குத் தோளில் அங்கி போர்த்தினார்கள். அவன் கண் ஒரு கீற்றாகத்தான் திறந்திருந்தது, அங்கியின் கையைத் தேடித் துழாவினான். நான் அதை ரசித்துப் பார்த்தேன்.

பக்கத்தில் பெண்கள் நவ்ரூஸ் கஞ்சி ஊற்றுவதற்குக் கம்பளிக் கூடாரம் போட்டிருந்தார்கள். அதன் வாசலில் நூர்ஜாத் கரண்டியோடு நின்றாள். கன்னத்துக் கீறல்கள் கோடாக ஆறியிருந்தன. அவ்வளவு தூரத்தில் இருந்தும் எனக்கு அந்தக் கோடுகள் தெரிந்தன. அவள் பாதைப் பக்கம் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். நான் கையைத் தூக்கினேன்.

அவளும் கையைத் தூக்கினாள். தூக்கி, மற்றவர்கள் போலவே புருவத்துக்கு மேல் வைத்து, கண்ணை மறைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

அவள் நின்றது கூடாரத்தின் நிழலில். அங்கே கண்ணைக் கூசவைக்க எதுவும் இல்லை. பிறகு கம்பளித் திரையைத் தூக்கி உள்ளே போய்விட்டாள்.